ஒரே கிணறு, ஒரே வெங்காயம்

பிள்ளைகளே, போன மாதம் என் இளைய மகள் விஞ்ஞானப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். செடிகள் ஒன்றோடொன்று போட்டி போடுமாம். வெளிச்சத்துக்கு, தண்ணீருக்கு, மண்ணில் உள்ள சத்துக்கு. வேறு வேறு இனச் செடிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று எப்படியோ சமாளித்துக்கொள்ளுமாம். ஒரே இனத்துக்குள்தான் போட்டி கடுமையாம். ஏனென்றால் அவற்றுக்கு வேண்டியது ஒன்றேதான், வேண்டிய நேரமும் ஒன்றேதான்.

"உது எனக்குத் தெரியும்" என்றேன்.

"சும்மா சொல்லாதேங்கோ அப்பா. நீங்கள் ஓ.எல். சோதினையே எடுக்கேல்லை. உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?"

கேட்டது சரிதான். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என்னைப் பெற்ற ஐயாவின் முகம் வந்து முன்னால் நின்றது. மாட்டுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று எதையோ சொல்லி எழுந்து போய்விட்டேன். வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்க்கிறேன், அவளுக்கும் அவளைப் போன்ற உங்களுக்கும். என் வயதுக்காரர் எவர் கையிலாவது இது கிடைத்தால், நான் விட்டுப் போகும் இடங்களை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு அதற்கு என் உதவி தேவையில்லை.

எங்கள் தோட்டம் உரும்பிராயில் இருந்தது. தோட்டம் என்றால் பூ மரம் வைக்கும் இடமில்லை. செம்மண்ணில் பயிர் செய்யும் காணியைத்தான் எங்கள் பக்கத்தில் தோட்டம் என்போம். ஐயாவின் தகப்பன் சாகுமுன் அதை இரண்டாகப் பிரித்தார். வடக்குப் பாதி என் ஐயாவுக்கு. தெற்குப் பாதி ஐயாவின் தம்பிக்கு. அவரை நான் குஞ்சையா என்று கூப்பிடுவேன். நிலத்தை வரம்பு போட்டுப் பிரிக்கலாம். கிணற்றை என்ன செய்வது? நடுவில் கிடந்த அதைப் பங்குக் கிணறாக விட்டார்கள். ஒருநாள் ஐயாவின் முறை, மறுநாள் குஞ்சையாவின் முறை. எங்கள் ஊரில் பாதித் தோட்டங்கள் அப்படித்தான் நடந்தன. வழக்குக்குப் போனவர்களும் இருந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் போகவில்லை. போகவேண்டிய தேவை வரவில்லை.

ஏன் வரவில்லை என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. நான் பிறக்க முன்பே ஐயா வெங்காயக்காரர், குஞ்சையா புகையிலைக்காரர். வெங்காயத்தின் வேர் உங்கள் விரல் நீளம்கூட இராது. மேல் மண் காய்ந்தால் அதன் உயிர் காயும். ஆகவே அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாய்த் தண்ணீர் வேண்டும். புகையிலை வேரை ஆழமாய் இறக்கும். ஒருமுறை வயிறு நிறையக் குடித்துவிட்டு ஒரு கிழமை பேசாமல் நிற்கும். மாசி வெயிலில் எங்கள் பாத்திகள் வெடிக்கத் தொடங்கினால் குஞ்சையா வேலிக்கு மேலால் சத்தம் போடுவார்.

"அண்ணை, நாளைக்கு என்ரை முறையையும் நீங்களே எடுங்கோ. என்ரை பிள்ளையள் உங்கடையள் மாதிரிக் குடிகாரர் இல்லை."

ஐயா சிரிக்கமாட்டார். சிரிக்காமல் "ஓம்" என்பார். ஆனால் புகையிலைக்கு முறி ஒடிக்கும், அதாவது இலை பெருக்கக் குருத்துகளைக் கிள்ளும் காலம் வந்து குஞ்சையாவுக்குப் பெருந்தண்ணீர் தேவைப்பட்டால், அப்போது எங்கள் வெங்காயம் முற்றிக் கிழங்கு இறுகும் நேரமாக இருக்கும். அதற்குத் தண்ணீர் கூடாது. ஐயா தன் முறைகளைக் கேளாமலே விட்டுக்கொடுப்பார். விட்டுக்கொடுத்தார்கள், நல்ல சகோதரர்கள் என்று ஊர் சொன்னது. நல்லவர்கள்தான். ஆனால் ஒருவர் கேட்கும் நேரத்தில் மற்றவருக்குத் தேவையில்லாமல் இருந்ததும் உண்மை. அதை அப்போது ஒருவரும் யோசிக்கவில்லை.

குஞ்சையாவுக்கு ஒரே மகள். என்னைவிட ஒரு வயது இளையவள். எனக்குக் கூடப்பிறந்தவர் இல்லை. தங்கச்சி என்றால் எனக்கு அவள்தான். பாடசாலைக்கு ஒன்றாய்ப் போவோம். என் கையில் எப்போதும் வெங்காய மணம். அவள் கையில் புகையிலைப் பிசின். கழுவினாலும் கைத்துக்கொண்டே இருக்கும்.

"நீ கிட்ட வந்தால் எனக்குப் பசிக்குது. கறிச்சட்டி மாதிரி மணக்கிறாய்" என்பாள்.

"நீ கிட்ட வந்தால் எனக்கு இருமல் வருகுது. சுருட்டு!" என்பேன்.

கிணற்றிலிருந்து இரண்டு பாதிக்கும் போகும் பொது வாய்க்கால் ஒன்று இருந்தது. அதன் வரம்பு ஒருவர் பங்கிலும் சேரவில்லை. அதனால் அது எங்கள் இருவருக்கும் சொந்தம் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். கையில் கிடைத்த விதையை எல்லாம் அதில் போட்டோம். பயிற்றை ஒரு பூவரசங்கம்பைப் பிடித்து மேலே போயிற்று. சிறுகீரை அதன் காலடியில் படர்ந்தது. கத்தரி இரண்டு, வெண்டி ஒன்று. வாய்க்கால் முடியும் இடத்தில் கழிவுத் தண்ணீரைக் குடித்தபடி ஒரு மொந்தன் வாழை. அதன் நிழலில் தொடங்கி வெயிலைத் தேடி வேலிப் பக்கம் ஓடிய பூசணி. ஒன்றும் ஒன்றைக் கொல்லவில்லை. அம்மா வெறுங்கையோடு வந்து கறிக்கு மடி நிறையப் பிடுங்கிக்கொண்டு போவார்.

ஐயாவுக்கு இருந்த பயமெல்லாம் களையைப் பற்றித்தான். இந்திய ஆமி வந்து போன பிறகு எங்கள் பக்கத்தில் ஒரு புதுச் செடி முளைத்தது. அவர்கள் கொண்டுவந்த ஆடுகளோடு வந்தது என்று சனம் சொன்னது. பொடிப்பொடியாய் வெள்ளைப் பூ. தொட்டால் கை அரித்துக் கடிக்கும். அது நின்ற இடத்தில் புல்லும் முளைக்காது. பார்த்தீனியம் என்று பிறகு பெயர் படித்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு குடும்பமும் சேர்ந்து அதைப் பிடுங்குவோம்.

"ஒண்டை விட்டால் அடுத்த வருஷம் ஆயிரம்" என்பார் ஐயா.

"பாவம் அண்ணை, உதுக்கும் பிள்ளைகுட்டி இருக்காதோ?" என்று குஞ்சையா ஒரு பூவைக் காதில் செருகிக்கொண்டு நிற்பார்.

"விசர்க் கதை கதைக்காமல் பிடுங்கடா!"

கெடுதல் வெளியிலிருந்துதான் வரும் என்று ஐயா நம்பினார். வேறு இனம், வேறு ஊர், வேறு பூ. அதற்காகக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தார்.

பிறகு சண்டையில் தெற்குக்குப் போகும் பாதை மூடியது. தெற்கிலிருந்து வந்து புகையிலை எடுக்கும் வியாபாரிகள் வரவில்லை. மண்ணெண்ணெய் வரவில்லை. உரம் வரவில்லை. குஞ்சையாவின் கொட்டிலில் கட்டித் தொங்கவிட்ட புகையிலை, மாரியில் ஈரம் பிடித்துப் பூஞ்சணம் பூத்தது. அவர் ஒரு இலையை எடுத்து மணந்து பார்த்துவிட்டு எருக்குழியில் போட்டதைத் தங்கச்சியும் நானும் பார்த்தோம். எதற்கும் சிரிக்க வைக்கும் அவர் அன்று பகிடி ஒன்றும் விடவில்லை.

"உதைத் தின்னேலுமே?" என்றார் சின்னம்மா, குஞ்சையாவின் மனைவி. கொடிகாமத்துப் பெண். "பிள்ளைக்குச் சோறு வேணும். தின்னுறதா ஒண்டை நடுங்கோ."

எங்கள் குசினிக் கூரையில், அடுப்புப் புகை படும்படி, விதை வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டித் தொங்கவிட்டிருப்போம். விதை கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கார்த்திகை மழை விட்ட ஒருநாள், ஐயா அரிசி வாங்கச் சங்கக் கடை வரிசையில் நின்ற நேரம், குஞ்சையா குசினி வாசலில் வந்து நின்றார்.

"அண்ணி, வெங்காயம் கொஞ்சம் தாங்கோ."

"கறிக்கோ?"

"விதைக்கு."

அம்மா அகப்பையைக் கீழே வைத்தார். "அவரிட்டைக் கேட்டனீரே?"

"அண்ணை என்ன சொல்லப்போறார்? ஓம் எண்டுதான் சொல்லுவார். நட்டு முளைச்சாப் பிறகு காட்டுவம். சந்தோசப்படுவார்."

அம்மா வாங்குப் பலகையில் ஏறி நின்று ஒவ்வொரு பிடியாய் இறக்கிக் கொடுத்தார். குஞ்சையா சாக்கில் அடுக்கினார். அம்மாவுக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. எவருக்குத்தான் தெரிந்திருக்கும்? நிலம் அவருடையது. முறை அவருடையது. விதை உறவுக்காரர் கொடுத்தது. வரம்பின் இரு பக்கமும் ஒரே கூரையில் புகை குடித்த ஒரே வெங்காயம், ஒரே கிழமையில் மண்ணுக்குள் போயிற்று.

முளைத்த பிறகுதான் ஐயா கண்டார். வேலிக்கு மேலால் கன நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, உது என்ன?"

"வெங்காயம் அண்ணை."

"தெரியுது. விதை?"

"அண்ணி தந்தவ. உங்கடை வெங்காயம்தான். உங்கடை கையிலை வளந்தது என்ரை கையிலையும் வளரும்தானே?"

"தண்ணிக்கு?"

"அதே முறைதானே. ஒருநாள் விட்டு ஒருநாள்."

"ம்… பாப்பம்" என்றார் ஐயா. அவர் கோபிக்கவில்லை. அன்று பின்னேரம் குஞ்சையா பாத்தி கட்டியது கோணல் என்று சொல்லி, தானே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்த் திருத்திக் கொடுத்தார். அதை நான் மறக்கவில்லை. மறந்தால் ஐயாவுக்கு அநியாயம் செய்தவனாவேன்.

தை முடிந்தது, பனி நின்றது, வெயில் ஏறியது. எங்கள் வெங்காயத்துக்குத் தாகம் எடுத்த அன்றே குஞ்சையாவின் வெங்காயத்துக்கும் தாகம் எடுத்தது.

தண்ணீர் இறைக்கும் மிசினுக்கு மண்ணெண்ணெய் இல்லாதபடியால் எல்லோரும் பழையபடி துலாவுக்குத் திரும்பியிருந்தோம். நீங்கள் துலாவைக் கண்டிருக்கமாட்டீர்கள். கிணற்றடியில் நட்ட கவர்த் தூணில் ஏறி இறங்கும் நீண்ட மரம் அது. ஒருவர் அதன்மேல் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். முன்னே வந்தால் பட்டை, அதாவது தகர வாளி, கிணற்றுக்குள் இறங்கும். பின்னே போனால் நிறைந்து மேலே வரும். இன்னொருவர் கிணற்றுக்கட்டில் நின்று அதைப் பிடித்துக் கவிழ்ப்பார். இரண்டு பேர் வேண்டும். குஞ்சையா துலாவில் ஏறினால் தரையில் நடப்பதுபோல் நடப்பார். ஐயா கிணற்றுக்கட்டில். நானும் தங்கச்சியும் வாய்க்காலில் ஓடி ஓடி ஒவ்வொரு பாத்திக்கும் தண்ணீரை மாற்றிவிடுவோம். யார் முறையானாலும் நால்வரும் ஒன்றாய்த்தான் நின்றோம்.

எங்கள் ஊரில் நல்ல தண்ணீர், அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. மெதுவாய் இறைத்து, இரவு ஊறவிட்டு, மறுநாள் இறைத்தால் அது வந்துகொண்டே இருக்கும். அவசரப்பட்டால் கீழே கிடப்பது ஏறும். எங்கள் கிணற்றின் உட்சுவரில் ஒரு கல் துருத்திக்கொண்டு இருந்தது. தண்ணீர் அந்தக் கல்லுக்குக் கீழே போனால் பட்டையை எடுத்துவிட வேண்டும் என்பது பழைய கட்டுப்பாடு. யார் முதலில் அதை மீறியது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஐயா குஞ்சையாவைச் சொன்னார். குஞ்சையா ஐயாவைச் சொன்னார்.

முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் போதவில்லை. பிறகு, முறை நாளில் பிந்தி வந்தால் நல்ல தண்ணீர் இல்லை என்று விடியமுன் வரத் தொடங்கினார்கள். பிறகு, மற்றவரின் முறை நாளில் கொஞ்சம் எடுத்தால் என்ன என்று வந்தது. ஒரு காலை நானும் ஐயாவும் போனபோது, எங்கள் முறை நாளில், குஞ்சையா தனியே நின்று தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். தங்கச்சி வாய்க்காலில் நின்றாள். என்னைக் கண்டதும் மண்வெட்டியைப் பின்னால் மறைத்தாள்.

"என்னடா இது?" என்றார் ஐயா.

"நாலு பாத்தி மட்டும் அண்ணை. வாடிப்போச்சு."

"என்ரையும் வாடிப்போச்சு."

"அதுதானே அண்ணை நானும் சொல்லுறன். உங்கடைக்கு எப்ப தாகம் வருகுதோ அப்பத்தான் என்ரைக்கும் வருகுது. நான் என்ன செய்ய?"

"ஆரைக் கேட்டு வெங்காயம் நட்டனி?"

"என்ரை நிலத்திலை நடுறதுக்கு ஆரைக் கேக்கிறது?"

"என்ரை விதையைக் கொண்டுபோய் நட்டிட்டு, என்ரை தண்ணியிலை கையை வைச்சுக்கொண்டு, நியாயம் கதைக்கிறியோ? என்ரை வெங்காயமே என்ரை தண்ணியைக் குடிக்குது!"

குஞ்சையா பட்டையைக் கீழே வைத்தார். அது சாய்ந்து, உள்ளே இருந்த தண்ணீர் ஒருவருக்கும் பயனில்லாமல் கிணற்றடி மண்ணில் ஓடியது. "அண்ணை, பிள்ளை பசியோடை கிடக்குது" என்றார் மெதுவாய்.

"எனக்கும் பிள்ளை கிடக்குது" என்று ஐயா என்னைக் காட்டினார். "இனி என்ரை முறையிலை இந்தத் துலாவிலை காலை வைக்காதை. நானும் உன்ரை முறைக்கு வரமாட்டன்."

இரண்டு பேர் செய்யவேண்டிய வேலையை அன்றிலிருந்து இருவரும் தனித்தனியே செய்தார்கள். துலாவின் நுனியில் கல்லைக் கட்டி, கையால் இழுத்து இழுத்து, பாதி நேரத்தில் முடியக்கூடியதை நாள் முழுக்க. ஐயாவின் உள்ளங்கை வெடித்து இரத்தம் வந்தது. அடுத்த நாள் வேலிக்கு அந்தப் பக்கம் குஞ்சையாவின் கையிலும் சீலைத்துணி சுற்றியிருந்தது.

ஒரு காலை அம்மா தேத்தண்ணீரை வாயில் வைத்துவிட்டுத் துப்பினார். "கரிக்குது" என்றார். நாங்கள் ஒவ்வொருவராய் ருசி பார்த்தோம். சீனியே இல்லாத காலம். இப்போது உப்புக் கூடியிருந்தது. அந்தக் கிழமையே வெங்காயத் தாள்களின் நுனி கருகியது. வாய்க்காலின் ஓரத்தில் வெள்ளையாய் ஒரு பொருக்கு. ஐயா அதை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார்.  அடுத்த நாளும் போய் இறைத்தார். நிறுத்தினால் மற்றவர் இறைத்துவிடுவார் என்ற பயம் அவருக்கு. அதே பயம்தான் குஞ்சையாவுக்கும் இருந்திருக்க வேண்டும்.

எங்களைக் கதைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

"பெரியப்பா வீட்டுக்குப் போகக் கூடாது எண்டு ஐயா சொன்னவர்" என்றாள் தங்கச்சி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்து.

"எங்கடை ஐயாவும்தான். ஆனால் வாய்க்கால் ஒருத்தற்றை வீடும் இல்லையே."

அவள் பயிற்றங்காய் ஒன்றைப் பிடுங்கி முறித்து எனக்குப் பாதி தந்தாள். அந்த உப்புத் தண்ணீரில் கத்தரி இலைகூடக் கொஞ்சம் சுருண்டிருந்தது. ஆனால் எங்கள் வரம்பில் ஒன்றும் சாகவில்லை.

"ஐயா புகையிலையே நட்டிருக்கலாம்" என்றாள்.

"புகையிலையைத் தின்னேலாதே."

"உந்த வெங்காயத்தை மட்டும் தின்னேலுமோ? பாத்தியே, குருவிக் கண் அளவுதான்."

நாங்கள் சிரித்தோம். பிறகு அவள் அழுதாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. எனக்கும் தெரிந்திருந்தது.

வெங்காயம் கிண்டிய அன்று, ஐயா எங்கள் பாத்தியில் ஒரு வெங்காயச் செடியைப் பிடுங்கித் தட்டிப் பார்த்தார். அதே நேரம் குஞ்சையாவும் தன் பாத்தியில் ஒன்றைப் பிடுங்கினார். இரண்டு கையிலும் ஒரே அளவு, பாக்கைவிடச் சிறிது. இருவரும் ஒருவர் கையை மற்றவர் பார்த்தார்கள். அந்த நேரத்தில் யாராவது ஒரு சொல் சொல்லியிருக்கலாம். குஞ்சையாவாவது ஒரு பகிடி விட்டிருக்கலாம். ஐயா முதலில் குனிந்துகொண்டார்.

சித்திரை வருவதற்குள் குஞ்சையா சின்னம்மாவின் ஊருக்குப் போக முடிவு செய்தார். கொடிகாமத்தில் அவருக்குச் சீதனக் காணி இருந்தது. வண்டிலில் சாமான் ஏற்றினார்கள். அம்மா வேலிப் படலையில் நின்று சின்னம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார். தங்கச்சி வண்டிலின் பின்பக்கம் காலைத் தொங்கவிட்டபடி இருந்தாள். குஞ்சையா எங்கள் வேலியடிக்கு வந்து, "அண்ணை, போட்டு வாறன்" என்றார்.

ஐயா முதுகைக் காட்டியபடி, இன்னும் கிண்டாத பாத்தி ஒன்றில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். கேட்டிருக்கும். கேளாமல் இருக்க முடியாத தூரம். குஞ்சையா இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். வண்டில் ஒழுங்கைத் தெருவின் முடக்கில் திரும்பும்வரை ஐயா நிமிரவில்லை. நிமிர்ந்தபோது அவர் கையில் வெங்காயச் செடியும் களையும் சேர்ந்து இருந்தன. அவர் பார்த்துப் பிடுங்கவில்லை.

ஒருவர் மட்டும் இறைத்ததால், அடுத்த மாரிக்குப் பிறகு கிணறு மெல்ல மெல்ல இனித்தது. எங்கள் வெங்காயம் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குத் திரண்டது. ஊரார் பாராட்டினார்கள். ஐயா அவர்களோடு அதிகம் கதைக்கவில்லை. குஞ்சையாவின் பாதியில் அவர் ஒன்றும் நடவில்லை. ஆனால் வெள்ளைப் பூச் செடி அதில் தலை காட்டியதும் முதல் ஆளாய்ப் போய்ப் பிடுங்குவார். எங்கள் பாதியில் களை நின்ற நாட்களிலும் தம்பியின் நிலம் துப்புரவாய் இருந்தது. செம்மண் மட்டும், வெறுமையாய். ஏன் என்று அம்மா ஒருநாள் கேட்டார்.

"வந்தால் நடத்தானே வேணும்" என்றார் ஐயா.

"வரச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லி விடுங்கோவன்."

"போனது அவன்தானே. அவன் கேக்கட்டும்."

கொடிகாமம் சந்தைக்குப் போய் வருபவர்கள் கதை கொண்டுவருவார்கள். குஞ்சையா மரவள்ளி போட்டிருக்கிறார், பயிற்றை போட்டிருக்கிறார், தென்னம்பிள்ளை வைத்திருக்கிறார். வெங்காயம் மட்டும் போடவில்லை. உரும்பிராய் ஆள் எவரைக் கண்டாலும் "அண்ணை எப்பிடி?" என்றுதான் முதலில் கேட்பாராம். ஐயா இதைக் கேட்டுக்கொண்டு இருப்பார். சொன்னவர் போன பிறகு, "வேறை என்ன கேட்டவனாம்?" என்று அம்மாவிடம் கேட்பார்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசியில் சண்டை எங்கள் ஊர் விளிம்புக்கு வந்தது. எல்லோரும் வெளிக்கிட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். அந்தப் பயணத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நான் கொஞ்சமே எழுதுகிறேன். மழை. இருட்டு. கடல்நீரேரிக்கு நடுவே ஒரு வீதி, ஒரு பாலம், அதில் குடாநாட்டின் பாதிச் சனம். ஐயா சைக்கிளை உருட்டினார். அதில் அரிசிச் சாக்கு, பாய், அம்மாவின் தையல் மிசின் தலை. நான் சைக்கிளின் பின்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கையை விட்டால் என்னை இழந்துவிடுவோம் என்று அம்மா என் சட்டையைப் பிடித்திருந்தார். பிள்ளையைத் தொலைத்தவர்களும் தாயைத் தொலைத்தவர்களும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தார்கள். ஒருவரும் நிற்கவில்லை. நிற்க இடமில்லை.

கொடிகாமத்துக்கு வந்து ஒரு பாடசாலை விறாந்தையில் பாயை விரித்தோம். பக்கத்தில் முன்பின் தெரியாத குடும்பங்கள். ஆளுக்கு ஒரு பாய் அகலம்.

"உங்கடை தம்பி வீடு உந்தா, சந்தைக்கு அங்காலைதானே" என்றார் அம்மா.

ஐயா இடுப்பில் நனைந்த சாரத்தைப் பிழிந்தார். "நாங்கள் வந்தது அவனுக்குத் தெரியாமல் இராது. ஊரே வந்திருக்கு. வந்து கூப்பிடட்டும். போறன்."

அன்று பகல் முழுக்க அவர் விறாந்தைத் தூணில் சாய்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிளில் வரும் ஒவ்வொரு ஆளையும் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. "பாத்தியே?" என்றார் அம்மாவிடம். அம்மா என் பக்கம் திரும்பி, நெற்றியில் ஈரத்துணியைப் போட்டார். எனக்குக் காய்ச்சல் தொடங்கியிருந்தது. மறுநாள் விடிய, என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஐயா தானாகவே எழுந்து பாயைச் சுருட்டினார்.

சின்னம்மாவின் வீட்டுப் படலையடியில் சைக்கிளை நிறுத்தினோம். தங்கச்சிதான் முதலில் கண்டாள். உயர்ந்திருந்தாள். "பெரியப்பா வந்திட்டார்!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். பின்னால் சின்னம்மா. சின்னம்மா எங்களைப் பார்த்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் ஒழுங்கையைப் பார்த்தார்.

"அவர் எங்கை?"

"ஆர்?" என்றார் ஐயா.

"இவர்தான். உங்களைக் கூட்டிக்கொண்டு வரத்தானே போனவர். சனம் வெளிக்கிடுது எண்டு கேள்விப்பட்ட உடனை சைக்கிளை எடுத்திட்டார். நான் மறிச்சனான். 'அண்ணை தானா வரமாட்டார், நான் போய்க் கூப்பிட்டால்தான் வருவார்' எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். நீங்கள் அவரோடை வரேல்லையோ?"

ஐயா சைக்கிளில் இருந்த சாமானை எல்லாம் நிலத்தில் இறக்கினார். அரிசிச் சாக்கு சேற்றில் விழுந்தது. சைக்கிளைத் திருப்பி, வந்த வழியே மிதித்தார். பின்னேரம் வந்தார். பாலத்துக்கு இந்தப் பக்கமே மறித்துவிட்டார்கள், இனி ஒருவரும் அங்கே போகேலாது என்றார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும்.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பிறகு சொன்னார்: சனம் எல்லாம் இந்தப் பக்கம் வர, குஞ்சையா சைக்கிளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிரே போனாராம். "போகாதேங்கோ, அங்கை ஒருத்தரும் இல்லை" என்று இவர் சொன்னாராம். "அண்ணை நிப்பார், எனக்குத் தெரியும்" என்று சொல்லிச் சிரித்தாராம். அதற்குப் பிறகு அவரைக் கண்டதாகச் சொல்ல ஒருவரும் வரவில்லை. நாங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகும் இல்லை. இன்றுவரை இல்லை.

அந்த வீட்டில் முன் அறையை எங்களுக்கென்று குஞ்சையா ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருந்தார். மெழுகி, பாய் போட்டு, ஐயாவின் உயரத்துக்குத் துணி போடும் கொடியும் கட்டியிருந்தது. அம்மாவும் நானும் அதில் படுத்தோம். ஐயா படலையடியில் ஒரு தென்னங்குற்றியில் இருந்தார். மழை பெய்தாலும் அங்கேதான்.

ஒரு பின்னேரம் தங்கச்சி அவருக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"பெரியப்பா, அது ஒரே றோட்டுத்தானே. நீங்கள் வந்தனீங்கள், ஐயா போனவர். காணேல்லையோ?"

"இருட்டு, மோனை."

"கூப்பிட்டுக்கொண்டே போறன் எண்டவர். 'அண்ணை, அண்ணை' எண்டு கட்டாயம் கூப்பிட்டிருப்பார்."

ஐயா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். 

"கூப்பிட்டதுதான் மோனை. அண்டைக்கு அந்த மழைக்குள்ளை 'அண்ணை' எண்டு கூப்பிட்டது எத்தினையோ தரம் என்ரை காதிலை விழுந்தது" என்றார். "என்னை அப்பிடிக் கூப்பிட இனி ஒருத்தரும் இல்லை எண்டு நினைச்சுக்கொண்டு திரும்பிப் பாராமல் நடந்தனான்."